சேவல் என்னும் பெயரும் செயலும்

பறவைகளின் ஆண்பாலுக்குத் தமிழ் வழங்கும் பெயர் ‘சேவல்’. இன்று அச்சொல் கோழியின் ஆணையே பெரிதும் குறிப்பினும், பண்டு அது சிறகுடைய பறவைகள் அனைத்திற்கும் பொதுவாக இருந்தது. தொல்காப்பிய மரபியல் இதனை விதியாகவே கூறுகிறது. கூறும் அவ்விடத்திலேயே ஒரு விலக்கும் தருகிறது: மயிலின் ஆணுக்கு மட்டும் அப்பெயர் ஆகாது. பெண்பாற் பெயரிலோ நிலைமை வேறு. ‘அளகு’ என்னும் பெயர் கோழிக்கும் கூகைக்கும் உரியது என்று வரையறுத்த ஆசிரியர், அது மயிலுக்கும் உரியதே என்கிறார். பெண்பாலில் கோழியோடு சேர்த்து வைத்த மயிலை ஆண்பாலில் ஏன் பிரித்து வைத்தார்? தோகையுடைய ஆண்மயில் பெண்பாலைப் போன்ற சாயல் உடையதாகலின் அதற்குச் சேவல் என்னும் பெயர் பொருந்தாது என்று உரை கண்டார் பேராசிரியர்.

இவ்வினாவை ஏட்டில் மட்டுமன்றி வீட்டு முற்றத்திலும் வைத்து ஆராயலாம் என்பது நம் கருத்து. அதற்கு ஏற்ற இடம் ஒன்று நம் வடதமிழகத்திலேயே உள்ளது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதியில், ஆசிரம வளாகத்தினுள்ளே மயில்கள் அச்சமின்றித் திரிகின்றன. மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் புறக்கடைகளில் நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. ஒரே மலையடிவாரத்தில் இரண்டு பறவைகளையும் கண்டு ஒப்பிடும் வாய்ப்பு அங்கே எவருக்கும் கிட்டும்.

ஒரே குடும்பத்து இரு கிளைகள்

கோழியும் மயிலும் உயிரியல் வகைப்பாட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காடையும் கவுதாரியும் அக்குடும்பத்தினவே. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆயினும், பல வீட்டுக்கோழிகளின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபுக்கூறு, தென்னிந்தியாவுக்கே உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினர். காட்டுக்கோழியையும் மனைக்கோழியையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் இரையை மற்றது உண்பதாகப் பாடும் பொருநராற்றுப்படை, இவ்விரண்டும் தமிழ்நிலத்தில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்குச் சான்று.

சேவலை மதித்துக் கல் நாட்டிய நாடு நம்முடையது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த, ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நடுகல், முகையூர் மேற்சேரிச் சேவல் ஒன்றின் நினைவாக எழுப்பப்பட்டது. அரபு இலக்கியத்திலும் சேவலுக்குச் சிறப்பிடம் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் என்னும் பேரறிஞர், விலங்குகளைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில், சேவல் சிறந்ததா, நாய் சிறந்ததா என்னும் நெடிய வாதம் ஒன்றை அமைத்துள்ளார்.

கொத்தும் வரிசை

பத்துக் கோழிகள் மேயும் ஒரு புறக்கடையை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது ஒழுங்கற்ற கூட்டமாகவே தோன்றும். உண்மையில் அங்கே யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது முன்பே முடிவாகியுள்ளது. இதனை அறிவியல் உலகுக்கு முதலில் விளக்கியவர் நார்வே நாட்டவரான ஷெல்டெரப் எப்பே என்பார். சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கி வந்த அவர், 1920களின் தொடக்கத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். அதனை எதுவும் கொத்தாது. இரண்டாவது, முதலாவதற்கு மட்டும் அடங்கும். கடைசிக் கோழியோ எல்லாவற்றிடமும் கொத்துப்படும். இதுவே ‘கொத்தும் வரிசை’.

இவ்வரிசை கொடுமையானதாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பயன் அமைதியே. ஒருமுறை தோற்ற கோழி, வென்றதன் முகத்தையும் கொண்டையையும் நினைவிற் கொள்கிறது. மறுமுறை தலையைத் தாழ்த்தி ஒதுங்கிவிடுகிறது. நாள்தோறும் நிகழ வேண்டிய நூறு சண்டைகள் அதனால் நிகழாமற் போகின்றன. சேவல்களுக்குள் ஒரு வரிசையும் பேடைகளுக்குள் வேறொரு வரிசையும் தனித்தனியே அமைகின்றன. புதிய கோழி ஒன்றைத் திடீரென்று கூட்டத்தில் விட்டால், எழுதி முடித்த கணக்கு முழுவதும் மீண்டும் எழுதப்படுகிறது. சந்தையில் வாங்கி வந்த கோழியை வீட்டுக்கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துவதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையை ரமண மகரிஷியும் தம் போக்கில் உணர்ந்திருந்தார். 1922ஆம் ஆண்டின் இறுதி வரை மலைமேல் வாழ்ந்த காலத்தில், குரங்குக் கூட்டங்களின் தலைமைப் போட்டிகளையும் உடன்பாடுகளையும் அவர் உன்னிப்பாகக் கவனித்து வந்தார். மனிதர் கைபட்ட குரங்கைக் கூட்டம் மீண்டும் ஏற்பதில்லை என்பது அவர் கண்ட பொதுவிதி. தலைவனால் கடிபட்டு, அவரால் காப்பாற்றப்பட்ட ‘நொண்டி’ என்னும் குரங்கு அவ்விதிக்கு விலக்காகித் திரும்ப ஏற்கப்பட்டதும், பின்னாளில் கூட்டத்திற்கே தலைவனானதும் அவர் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளன. 1947இல் பரோடா மகாராணி வெண்மயில் ஒன்றை ஆசிரமத்திற்கு அனுப்பியபோதும், இங்குள்ள மயில்கள் வேற்றினம் என்று கருதி அதனோடு சண்டையிடக்கூடும், பூனைகளிடமிருந்தும் அதனைக் காக்க வேண்டுமே என்பதே அவர் எழுப்பிய முதல் ஐயம். கோழி வளர்க்கும் எந்த மூதாட்டியும் அவ்வாறே எண்ணியிருப்பார்.

அழைத்தலும் ஆடலும்

இனிச் சேவல் பேடையை அணையும் முறையைக் காண்போம். குப்பையைக் கிளறும் சேவல், புழுவோ தானியமோ கண்டவுடன் அதனை விழுங்கிவிடுவதில்லை. ‘கொக் கொக்’ என்று விரைந்து குரல் கொடுத்து, இரையை அலகால் எடுப்பதும் கீழே இடுவதுமாக நிற்கும். பேடை ஓடி வந்து அதனை உண்ணும். சேவலின் ஈகை என்று நாம் பாராட்டும் இச்செயல் உண்மையில் காதல் அழைப்பு. இரை காட்டி அழைக்கும் சேவலையே பேடைகள் மிகுதியும் நாடுகின்றன.

அழைப்பில் பொய்யும் உண்டு. பேடை தொலைவில் இருந்தால், உண்ணத் தகாத குச்சியையோ கல்லையோ காட்டியும் சேவல் குரல் கொடுக்கும் என்று 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. ஏமாறிய பேடை அச்சேவலின் குரலை நாளடைவில் பொருட்படுத்தாது. தலைமைச் சேவல் அருகில் நிற்கும்போது அடங்கிய சேவல் கையாளும் தந்திரம் இன்னும் நுட்பமானது. அது குரலை அடக்கிக்கொண்டு, தலையசைவால் மட்டும் இரையைக் காட்டும். குரல் கேட்டால் தலைவன் பாய்ந்து வருவான் என்பதை அது அறியும்.

அழைப்பை அடுத்து ஆடல். சேவல் ஒரு பக்கச் சிறகைத் தரைபடத் தாழ்த்தி, பேடையைச் சுற்றிப் பக்கவாட்டில் அரைவட்டமாக நடக்கும். பேடை இசைந்தால் தரையோடு பதுங்கி அமரும். சேவல் அதன் பிடரி இறகை அலகால் பற்றி முதுகின்மேல் ஏறும். இதனையே நம் வீடுகளில் ‘மிதித்தல்’ என்பர். கோழியினத்து ஆணுக்குப் புறத்தே தனி உறுப்பு இல்லை. இரண்டின் கழிவாய்களும் ஒரு கணம் பொருந்துவதோடு எல்லாம் முடிகிறது. முழுச் செயலும் சில நொடிகளே.

பேடை முட்டையிடச் சேவல் வேண்டுமென்பதில்லை. சேவல் இன்றியும் அது முட்டையிடும். அம்முட்டை பொரியாது, அவ்வளவே. ஒருமுறை பெற்ற உயிரணுக்களைப் பேடை தன் கருக்குழாயின் நுண்பைகளில் இரண்டு, மூன்று வாரங்கள் வரை சேமித்து வைக்கும். ஆதலால் சேவலை விற்றபின்னும் சில நாள் வரை இட்ட முட்டைகள் பொரிப்பதில் வியப்பில்லை.

காவலும் கூவலும்

பேடைகள் தலைகுனிந்து மேயும்போது சேவல் அடிக்கடி தலைநிமிர்ந்து நிற்பதைக் காணலாம். வானில் வைரியோ பருந்தோ வட்டமிட்டால் ஒருவகை நீண்ட மெல்லொலி. தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறுவகை அடுக்கொலி. முதலாவதைக் கேட்ட பேடைகள் புதரடியில் பதுங்கும். இரண்டாவதைக் கேட்டால் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். பகையைக் கண்ணாற் காணாமல் ஒலியை மட்டும் கேட்டாலும் இவ்வாறே செய்கின்றன என்று 1990களில் கிறிஸ்டபர் எவன்ஸ் முதலியோர் ஒலிப்பதிவுகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். பேடை அருகில் இருந்தால் சேவல் வான்பகையை மிகுதியாக எச்சரிக்கிறது. தனித்திருக்கையில் பெரும்பாலும் வாளாவிருக்கிறது. காவலும் உறவின் ஒரு பகுதியே.

வைகறையில் சேவல் கூவுவது கதிரவனைக் கண்டன்று. உடலினுள் இயங்கும் நாட்கடிகையே அதனைக் கூவச் செய்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர்களே மற்றோர் உண்மையையும் கண்டனர். ஓரிடத்தில் பல சேவல்கள் இருப்பின் முதலிற் கூவும் உரிமை தலைமைச் சேவலுக்கே. மற்றவை தத்தம் வரிசைப்படி பின்தொடரும். தலைமைச் சேவலை அகற்றினால் இரண்டாவது சேவல் முதற்குரல் கொடுக்கத் தொடங்கும். விடியலை அறிவிக்கும் அக்குரலிலும் கொத்தும் வரிசை ஒலிக்கிறது.

பேடையின் தெரிவு

இதுவரை கூறியவற்றால் சேவலே கூட்டத்தின் முழுத் தலைவன் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. பேடை இசையாதபோதும் சேவல் துரத்திச் சென்று மிதிப்பதுண்டு. அடங்கிய சேவல்கள் இவ்வாறு வலிந்து அணைவது மிகுதி. அவ்வேளையில் பேடை உரத்த குரலில் கத்தும். அக்குரல் கேட்டுத் தலைமைச் சேவல் ஓடி வந்து தடுக்கும். தடுக்க இயலாமற் போயினும் பேடைக்கு இன்னொரு வழி உண்டு. தாழ்ந்த நிலையிலுள்ள சேவலின் விந்தை அது அப்பொழுதே வெளியேற்றிவிடுவதை டொமாசோ பிட்சாரி, டிம் பர்க்ஹெட் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எவன் தன் குஞ்சுகளுக்குத் தந்தை ஆக வேண்டும் என்பதில் இறுதிச் சொல் பெருமளவு பேடையினுடையதே.

பேடை எதைக் கண்டு தெரிகிறது? சிவப்புக் காட்டுக்கோழிகளை ஆராய்ந்த மார்லின் சக், பேடைகள் பெரிய, செந்நிறம் மிக்க கொண்டையுடைய சேவல்களையே விரும்புகின்றன என்று 1990இல் எழுதினார். கொண்டை உடல்நலத்தைக் காட்டும் கண்ணாடி. நோயுற்ற சேவலின் கொண்டை வெளிறிச் சுருங்கும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர்.

மயிலின் வழி

மயிலிடம் இவ்வமைப்பு முற்றிலும் மாறுகிறது. ஆண்மயில் இரை காட்டி அழைப்பதில்லை. பேடைகளைக் கூட்டமாகக் கட்டிக் காப்பதுமில்லை. தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களில் இனப்பெருக்கம் மிகும். அப்போது ஆண்மயில்கள் தமக்கென ஒவ்வொரு சிற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு தோகை விரித்து நிற்கும். பேடைகள் வந்து பல ஆண்களையும் பார்த்து ஒன்றைத் தெரியும். கூடல் முடிந்ததும் உறவும் முடிந்தது. ஏறத்தாழ 4 வாரம் அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் பேடையின் தனிப்பொறுப்பு. நாம் தோகை என்பது உண்மையில் வால் அன்று. வாலின்மேல் வளரும் நீண்ட மூடிறகுகளே. அவற்றைத் தாங்கி நிற்பது பின்னாலுள்ள குறுவால். ஆண்டுதோறும் அத்தோகை உதிர்ந்து மீண்டும் வளர்கிறது. ஆடும்போது அதனை நொடிக்கு ஏறக்குறைய 25 முறை அதிரச் செய்கிறது ஆண்மயில்.

உயிர்வாழ்வுக்கு இடையூறான இவ்வணி எவ்வாறு தோன்றியது என்பது சார்ல்ஸ் டார்வினையே வருத்திய வினா. பெண்ணின் தெரிவே காரணம் என்று அவர் 1871இல் விடை கண்டார். தோகையிற் கண்புள்ளிகள் மிகுந்த ஆண்களே மிகுதியும் துணை பெறுகின்றன என்று இங்கிலாந்தில் மேரியன் பெட்ரி முதலியோர் 1991இல் கண்டனர். ஜப்பானில் 7 ஆண்டுகள் நிகழ்த்திய ஆய்வொன்று 2008இல் இதற்கு மாறான முடிவை வெளியிட்டது. வழக்கு இன்னும் முற்றவில்லை. எனினும் ஒன்று தெளிவு: ஆண் பேடைக்குக் காட்டுவதற்குத் தோற்றமன்றி வேறொன்றும் இல்லாத இனத்தில் தோற்றம் எல்லை மீறி வளர்கிறது. இரையும் காவலும் தரும் இனத்தில் கொண்டையும் குரலும் போதுமானவை.

இப்போது மரபியலின் விலக்கை மீண்டும் நோக்குக. சாயல் வேறுபாட்டைக் கொண்டே பேராசிரியர் பொருள் கூறினார். அச்சாயல் வேறுபாட்டின் அடியில் வாழ்க்கைமுறை வேறுபாடு ஒன்று உள்ளது என்று இன்றைய அறிவியல் சேர்த்துக் கூறுகிறது. தொல்காப்பியர் இதனை அறிந்தே விலக்கினார் என்று நாம் சாதிக்கவில்லை. பேடையைக் காவாத பிற பறவைகளின் ஆண்களையும் சேவல் என்றே அவர் சொல்லுகிறார். ஆயினும் கண்ணாற் கண்ட வேறுபாட்டைச் சொல்லில் பதிந்து வைத்த அந்நுண்மை போற்றத்தக்கது.

புறக்கடையிற் கொள்ளத்தக்கவை

இச்செய்திகள் அறிவுக்கு விருந்தாவதோடு நிற்பன அல்ல. நாட்டுக்கோழி ஏழை வீட்டுப் பெண்களின் கையிருப்பு. மகளின் பள்ளிச் செலவும் மருந்துச் செலவும் பல வேளைகளில் கோழிக் கூடையிலிருந்தே வருகின்றன. தமிழக அரசும் வறிய மகளிர்க்குக் கோழிக்குஞ்சுகள் வழங்கும் திட்டங்களை நடத்தி வந்துள்ளது. அக்கோழிகள் தழைப்பதும் அழிவதும் தீனியையும் மருந்தையும் மட்டும் பொறுத்தனவல்ல. கூட்டத்தின் அமைப்பையும் பொறுத்தவை.

முதலாவது, சேவல் எண்ணிக்கை. 8 முதல் 10 பேடைகளுக்கு ஒரு சேவல் போதும். மிகுந்தால் பேடைகள் ஓயாது துரத்தப்படும், முதுகிறகு உதிர்ந்து தோல் தெரியும், கால்முள் கீறிப் புண்ணாகும், தீனி தின்ன அஞ்சி மெலியும், முட்டை குறையும். முதுகு மொட்டையான பேடையைக் கண்டால் நோய் என்று மருந்து தேடுமுன் சேவல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மிதிக்கத் தொடங்கும் இளஞ்சேவல்களைப் பிரித்து வைப்பதே நன்று.

இரண்டாவது, எந்தச் சேவலை நிறுத்துவது? பண்டிகைக்கு நல்ல விலை வருமென்று கொழுத்த சேவலை விற்றுவிட்டு, எஞ்சிய நோஞ்சானை வீட்டில் விடுவது வழக்கம். அடுத்த ஆண்டுக் குஞ்சுகளின் நலத்தை அன்றே விற்றுவிடுகிறோம். கொண்டை சிவந்து, இரை கண்டு பேடையை அழைத்து, வானை நோக்கிக் காவல் நிற்கும் சேவலே வீட்டில் இருக்கத்தக்கது. அதன் மகள்கள் வளர்ந்து முட்டையிடுமுன் வேறிடத்துச் சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியபின் மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளையே அடைவைத்தால் புதிய சேவலின் வழியைப் பெறலாம்.

மூன்றாவது, புதிய கோழியைச் சேர்க்கும் முறை. சில நாட்கள் கூடையில் கவிழ்த்து, பழைய கோழிகள் கண்ணாற் கண்டு பழகச் செய்தபின் திறந்துவிட வேண்டும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று நான்கு இடங்களில் தூவினால் வரிசையிற் கடைசிக் கோழிக்கும் வயிறு நிரம்பும்.

நான்காவது, சேவலின் வீரத்தைப் பந்தயமாக்காமை. தலைமைக்காக நிகழும் இயற்கைப் போர் ஒன்று தோற்றதும் முடிந்துவிடும். தோற்றது ஓடி ஒளியும். களத்தில் கத்தி கட்டி விடும் போரிலோ தோற்றது ஓட இடமில்லை. விலங்குகளைப் பொருதச் செய்வதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலக்கியுள்ளது.

நிறைவாக

சேவலைக் காமத்திற்கு உவமை காட்டிப் பழிப்பாரும் உண்டு. வீரத்திற்கு உவமை காட்டிப் புகழ்வாரும் உண்டு. கூர்ந்து நோக்கின் இரண்டு உவமைகளும் அரைகுறையே. வலிந்து மிதிக்கும் அதே சேவல், பருந்தைக் கண்டால் தன் இருப்பிடம் பகைக்குத் தெரியவும் குரல் கொடுக்கிறது. அடங்கியிருப்பதாக நாம் எண்ணும் பேடையே தலைமுறையைத் தீர்மானிக்கிறது. மனித ஒழுக்கத்தை அவற்றின்மேல் ஏற்றுவதும், அவற்றின் செயலைக் காட்டி மனிதர் தம் குறையை மறைப்பதும் ஒருங்கே தவறு.

ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்கும் மான், காக்கை, நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் உள்ளன. அங்கு வாழ்ந்தவர் விலங்குகளை அஃறிணையாகச் சுட்டாது ‘அவன்’, ‘அவள்’ என்றே குறித்தார் என்பர். ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்தவர்க்கே அவ்வாறு சொல்ல வரும். இதழைப் படிக்கும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் வீட்டுப் புறக்கடையில் ஒருநாள் காலை அமர்ந்து எது யாரைக் கொத்துகிறது, எது யாரை அழைக்கிறது என்று குறித்து வருக. பெயரளவில் அறிந்த சொல்லைப் பொருளளவில் அறிய அது நல்ல தொடக்கமாகும்.